பாதை காக்கும் காடு

நகரத்துக்குள்ளோ நகரத்தை ஒட்டியோ இருக்கும் ஒரு காட்டை, சதுப்பு நிலத்தை, ஏரியை அதன் இயல்பு கெடாமல் காத்துக்கொண்டே மக்கள் நடந்து பார்க்கவும் இடம்கொடுக்கும் ஏற்பாடுதான் இயற்கைப் பாதுகாப்புப் பூங்கா. நகராட்சிப் பூங்கா மனிதர்களுக்காகவே உருவாக்கப்படுவது. புல்தரை, ஊஞ்சல், சறுக்குமரம், சிமென்ட் பெஞ்சு, எட்டு வடிவ நடைபாதை எல்லாம் அதற்குப் பொருந்தும். பாதுகாப்புப் பூங்காவில் முதல் உரிமை அங்கேயே வாழும் மரத்துக்கும் பறவைக்கும் தவளைக்கும் மீனுக்கும், மனிதர் வந்துபோகிறவர். இந்த இரண்டு தரப்பும் சந்திக்கும் இடம் நடைபாதை. அது எங்கே தொடங்குகிறது, எவ்வளவு அகலம், எதனால் ஆனது, எந்த இடத்துக்குப் போகாமல் திரும்பிவிடுகிறது என்பதைப் பொறுத்தே ஒரு பூங்கா காடாக நிலைப்பதும் சில ஆண்டுகளில் வெறும் தோட்டமாகிவிடுவதும் அமைகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு சென்னை அடையாறு உப்பங்கழியின் கரையில் இருக்கும் தொல்காப்பியப் பூங்கா. சென்னையில் இருந்தாலும் அந்தப் பூங்காவின் வேர் விழுப்புரம் மாவட்டத்து மண்ணில்தான் இருக்கிறது.

கோலியனூர் கூட்டுரோட்டிலிருந்து வளவனூர், கண்டமங்கலம் வழியாகப் புதுச்சேரிக்குப் போகும் சாலையின் இருபுறமும் இன்று நெல்லும் கரும்பும் வீட்டுமனைகளுமாகத் தெரிகின்றன. இங்கிருந்து கடற்கரை வரையிலான நிலத்துக்குச் சொந்தமான காடு ஒன்று முன்பு இருந்தது. தாவரவியலாளர்கள் அதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். இந்தியாவில் பெரும்பாலும் சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய குறுகிய நிலப்பட்டையில் வளரும் அரிய வகை அது. ஆண்டின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு பல மாதங்கள் வறட்சி. அந்த வறட்சியிலும் இலை உதிர்க்காமல் பச்சையாகவே நிற்பவை இக்காட்டின் மரங்கள். உயரம் அதிகம் போகாது. பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். ஆனால் கிளைகள் நெருக்கமாகப் பின்னி, கொடிகள் ஏறி, உச்சிவெயிலில்கூட உள்ளே நிழல் கட்டியிருக்கும். உலக்கைப்பாலை, வீரை, காயா, கருங்காலி, இரும்பிலி, நாவல், மகிழம், காட்டு எலுமிச்சை போன்றவை இதன் மரங்கள்.

இந்தக் காடு ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிட்டது. மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஐயனார் கோயில் காடுகளில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு அவற்றில் முக்கியமானது. புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் மரங்களைக் கணக்கெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். கோயில் காடுகளை வேலி போட்டுக் காக்கவில்லை. சாமி காட்டில் சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும், வருகிறவர்கள் வழக்கமான ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாமல் சந்நிதிக்குப் போய்த் திரும்பும் பழக்கமுமே அவற்றைக் காத்தன. பாதுகாப்புப் பூங்காவின் அடிப்படை விதி இதிலேயே அடங்கியிருக்கிறது. அண்மைக் காலத்தில் பல கோயில் காடுகளில் வாகன நிறுத்தமும் சிமென்ட் மண்டபமும் காட்டை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருவது வருத்தத்துக்குரியது.

வானூர் வட்டத்துச் செம்மண் மேட்டில் 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்த மேடு மரமற்ற வெட்டவெளி. மழைநீர் மேல்மண்ணை அரித்துக் கடலுக்கு இழுத்துச் சென்றது. நிலத்தில் ஆழமான ஓடைப் பள்ளங்கள் விழுந்திருந்தன. அங்கே குடியேறியவர்கள் உள்ளூர்க் கிராமத்தாரின் உழைப்போடு வயலுக்கு வயல் வரப்பு உயர்த்தி, ஓடைகளில் சிறு தடுப்பணை கட்டி, முதலில் மழைநீரை நிறுத்தினார்கள். பிறகு மரம் நட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஜாஸ் ப்ரூக்ஸ் 1973இல் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காடு, மண்ணுக்குரிய உலர் பசுமைமாறாக் காட்டு இனங்களையே தேடிச் சேர்ப்பதில் இறங்கியது. கோயில் காடுகளில் விதை பொறுக்கி, நாற்றங்காலில் முளைக்க வைத்து, எந்த மரம் எந்த நிழலில், எந்த மண்ணில் பிழைக்கும் என்று பல ஆண்டுகள் பார்த்து அறிந்துகொண்டார்கள். மூலிகைகளைப் பற்றி ஊர்ப் பெரியவர்களுக்கு இருந்த அறிவும் அதில் சேர்ந்தது. இந்த அனுபவம்தான் பின்னாளில் அடையாற்றுக்குப் போனது.

அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு வடக்கே, சாந்தோமுக்கும் ராஜா அண்ணாமலைபுரத்துக்கும் இடையே உள்ள உப்பங்கழி பல பத்தாண்டுகளாகக் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டும் இடமாக இருந்தது. சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. கடல் நீர் ஏறி இறங்கும் வழி தூர்ந்துபோனது. அந்த நிலத்தில் கட்டடங்கள் எழும்பக் கூடாது என்று குடிமக்கள் அமைப்புகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடின. 2006இல் அடையாறு பூங்கா அறக்கட்டளை ஏற்படுத்தப்பட்டது. பின்னர் அதுவே சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை ஆயிற்று. சீரமைப்புத் திட்டத்தை வகுத்தவர்கள் பிச்சாண்டிக்குளத்தார். முதல் கட்டமாக 58 ஏக்கர் நிலம் சீரமைக்கப்பட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து ஏறக்குறைய 300 ஏக்கர் உப்பங்கழியும் முகத்துவாரமும் இரண்டாம் கட்டத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டன.

அங்கே செய்யப்பட்ட வேலையின் வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் குப்பையும் இடிபாடும் லாரி லாரியாக அகற்றப்பட்டன. பின்னர் குளங்கள் வெட்டப்பட்டு, மழைநீரும் உப்புநீரும் தங்கும் இடங்கள் பிரிக்கப்பட்டன. தோண்டிய மண் மேடுகளாகவும் கரைகளாகவும் ஆனது. அந்த மேடுகளில் உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களும், நீரோரத்தில் நாணலும் கோரையும், உப்புநீர் ஏறும் இடங்களில் அலையாத்தி இனங்களும் நடப்பட்டன. பாதை இவை எல்லாவற்றுக்கும் பிறகு வந்தது. ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை பெரும்பாலும் அந்தக் கரைகளின் மேலேயே போகிறது. நடக்கிறவருக்கு ஒரு பக்கம் நீர், மறுபக்கம் புதர். நின்று பார்க்க இடம் இருக்கிறது. இறங்கிப் போக வழி இல்லை. நீர் மீண்டும் தங்கத் தொடங்கியதும் முக்குளிப்பானும் நீர்க்காகமும் கொக்கும் தாமாக வந்து சேர்ந்தன. மரம் நட்டதைவிட, நீர் வந்துபோகும் வழியைத் திறந்துவிட்டதே அந்தப் பூங்காவின் பெரிய வெற்றி.

திறந்த நாளிலிருந்தே அங்கே நினைத்தவர் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது என்ற விதி இருந்தது. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு, குழுவாகப் போக வேண்டும், பள்ளி மாணவர்களுக்கே முதலிடம், பிளாஸ்டிக்குக்குத் தடை. பொதுப் பணத்தில் அமைந்த பூங்காவைப் பூட்டி வைப்பதா என்று பலர் கோபப்பட்டார்கள். 2025இல் பூங்கா புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. எத்தனை பேரை எந்த நேரத்தில் விடுவது என்ற கேள்வி எல்லாப் பாதுகாப்புப் பூங்காவிலும் எழும். நடப்பட்ட இளங்காடு வேர்பிடிக்கும் ஆண்டுகளில் கதவை ஒருக்களித்து வைத்திருந்தது சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும். முழுதாகத் திறந்துவிட்டிருந்தால் அந்த இடம் இன்னொரு நடைப்பயிற்சி மைதானமாகியிருக்கும்.

சென்னையிலேயே வேறு இரண்டு முறைகளும் இருக்கின்றன. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காடு சுமார் 270 ஹெக்டேர். வெளிமானும் புள்ளிமானும் அங்கே நகரத்தின் நடுவில் வாழ்கின்றன. மக்கள் இயல்பாகப் போய்வருவது அதன் ஓரத்திலிருக்கும் சிறுவர் பூங்காவுக்கு மட்டுமே. உள்காட்டில் பொதுமக்களுக்கான பாதை இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் 2021இல் திறக்கப்பட்ட சூழல் பூங்காவில் பாதை சதுப்பின் ஓரத்தோடு மட்டும் போகிறது. அந்தச் சதுப்பு 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நடுவே நுழையாமல் விளிம்பிலிருந்து பார்க்கும் இந்த முறை, சின்ன நிலப்பரப்புகளுக்கு மிகவும் ஏற்றது.

ஒரு பாதை காட்டை எப்படிக் கெடுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் விதிகளின் காரணம் தானாக விளங்கும். தினமும் நூற்றுக்கணக்கான கால்கள் மிதிக்கும் மண் இறுகிப்போகிறது. அதில் மழைநீர் இறங்காது; பக்கத்து மரத்தின் மேல்வேர்களுக்குக் காற்றும் நீரும் கிடைக்காது. இறங்காத நீர் பாதையோடு ஓடும். சரிவான செம்மண்ணில் இரண்டு மூன்று மழைக்காலத்தில் அந்தப் பாதையே ஓடையாகிவிடும். சேறாகிவிட்ட இடத்தைத் தவிர்க்க மக்கள் ஓரமாக நடப்பார்கள். ஒரு மீட்டர்ப் பாதை மூன்று மீட்டராக விரியும். விரிந்த பாதையின் மேல் இருபக்க மரக்கிளைகள் ஒன்றுசேராது. வெயில் உள்ளே விழும். வெயில் விழுந்த இடத்தில் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் முளைக்கும். காட்டின் விளிம்பு அப்படியே உள்ளே நகர்ந்துகொண்டு போகும்.

சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டில் இது கண்கூடாக நடந்தது. 163 ஹெக்டேர் மட்டுமே உள்ள அந்த இயற்கைக் காப்பகம் கூட்டத்தால் தேய்ந்து, சரிவுகள் பலமிழந்தன. 2014இல் பாதைகளைச் சீரமைக்க அது மூடப்பட்டது. முழுமையாகத் திறக்க 2016 ஆயிற்று. மண்ணில் கால் படாமல் நடப்பதற்கு உயர்த்திய பலகைப் பாதைகள் போடப்பட்டன, பழைய கிளைப் பாதைகள் மூடப்பட்டு மரங்களுக்கே விடப்பட்டன. அதே நாட்டின் சுங்கை பூலோ சதுப்பு நிலம் 1993இல் பூங்காவாகத் திறக்கப்பட்டு 2002இல் காப்பகமானது. அங்கே அலையாத்திக் காட்டுக்குள் பலகைப் பாதையும், பறவைகள் மிரளாமல் பார்க்க மறைவுக் குடில்களும் உண்டு. கொழும்பை ஒட்டிய கோட்டை நகரில் பெத்தகானை ஈரநிலப் பூங்காவும் இதே வழியில் அமைக்கப்பட்டது. கொழும்பு நகரம் 2018இல் ராம்சார் ஈரநில நகரமாக ஏற்கப்பட்டது.

நல்ல பாதைக்கான இலக்கணம் இவற்றிலிருந்து கிடைக்கிறது. இரண்டு பேர் அருகருகே நடக்கும் அகலம் போதும். தண்ணீர் வடிந்துபோகக் குறுக்கே சிறு வடிகால்கள் வேண்டும். மண், சரளை, மரப்பலகை ஆகியவை ஏற்றவை. நம் ஊர்களில் பூங்கா என்றதும் பேவர் பிளாக் பதித்துவிடுகிறார்கள். அது வெயிலில் கொதிக்கும், மழைநீரை மண்ணுக்குள் விடாது. அதைவிடக் கேடானது இரவு விளக்கு. ஆந்தையும் வௌவாலும் தவளையும் விட்டில்பூச்சியும் இருட்டை நம்பி வாழ்பவை. நீரோரத்தில் வரிசையாக நட்ட விளக்குக் கம்பங்கள் அவற்றைத் துரத்திவிடும். மாலையில் மூடிவிட்டால் விளக்கே தேவைப்படாது. ஏரிக்கரைகளை அழகுபடுத்தும் திட்டங்களில் இந்த இரண்டு தவறுகளும் மீண்டும் மீண்டும் நடக்கின்றன. கேட்பதற்கு யாரும் இல்லாததால்தான் நடக்கின்றன.

நல்ல பாதையைப் பார்க்கத் திண்டிவனம் பக்கத்தாருக்குச் சிங்கப்பூர் போகத் தேவையில்லை. சென்னைச் சாலையில் மதுராந்தகம் வட்டத்தில் இருக்கும் வேடந்தாங்கல் போதும். சுமார் 30 ஹெக்டேர் ஏரி அது. பார்வையாளர் நடப்பது அதன் கரைமேல். பறவைகள் கூடு கட்டுவது நீருக்குள் நிற்கும் மரங்களில். இரண்டுக்கும் இடையே ஏரி நீரே வேலி. கரையில் ஒரு காட்சிக் கோபுரம், இருக்கைகள், அவ்வளவுதான். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதால் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்துவந்தார்கள். பறவைகளைச் சுடுவதற்குத் தடை கேட்டு அவர்கள் அன்றைய ஆங்கிலேய ஆட்சியரிடம் முறையிட்டு, 1798இல் உரிமை ஆவணம் பெற்றார்கள். தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தவிர்க்கும் வழக்கமும் அங்கே உண்டு.

விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு பறவைகள் சரணாலயங்கள் இருக்கின்றன. ஒன்று ஊசுடு ஏரி. புதுச்சேரி நகரத்துக்கு மேற்கே, வில்லியனூரை அடுத்து, பாதி புதுச்சேரியிலும் பாதி வானூர் வட்டத்திலுமாக விரிந்திருக்கிறது. சங்கராபரணி ஆற்றின் சுத்துக்கேணி வாய்க்கால் அதற்கு நீர் கொண்டுவருகிறது. புதுச்சேரி அரசு தன் பகுதியை 2008இலும், தமிழ்நாடு அரசு சுமார் 332 ஹெக்டேர் பரப்பை 2015இலும் சரணாலயமாக அறிவித்தன. குளிர்காலத்தில் நாமக்கோழிகளும் வாத்து இனங்களும் கூட்டமாக இறங்கும் ஏரி இது. கோலியனூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் அடையக்கூடிய, நகரத்தை ஒட்டிய உண்மையான பாதுகாப்பு நிலம் இதுவே. ஏரியின் நடுவே ஓடும் மாநில எல்லை பறவைக்குத் தெரியாது. ஆகவே கரைப் பாதையையும் படகுப் போக்குவரத்தையும் பற்றி இரண்டு அரசுகளும் ஒரே விதி வைக்க வேண்டியது அவசியம். வலசை வந்த பறவைகள் தங்கியிருக்கும் மாதங்களில் படகு விடுவது அவற்றைத் திரும்பத் திரும்ப எழுப்பிப் பறக்கவைத்து, இரை தேடும் நேரத்தையும் உடல் வலுவையும் பறித்துவிடும்.

மற்றொன்று மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்திருக்கும் கழுவேலி. 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட இந்தச் சதுப்பு 2021 டிசம்பரில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரிகளில் ஒன்று. பரப்பு பெரிது என்பதால் இங்கே சுற்றிவர ஒரு பாதை போடுவதில் பொருளில்லை. விளிம்பில் சில இடங்களில் கோபுரமும் மறைவுக் குடிலும் இருந்தால் போதும்.

பறவைக்குச் சொன்னது கல்லுக்கும் பொருந்தும். வானூர் வட்டம் திருவக்கரையில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பராமரிக்கும் தேசியக் கல்மரப் பூங்காவில், சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகி மண்ணில் படுத்திருக்கின்றன. ஐரோப்பிய இயற்கையியலாளர் சொன்னரா 1781இலேயே இவற்றைப் பதிவுசெய்தார். ஒவ்வொருவரும் ஒரு துண்டை நினைவுப்பொருளாக எடுத்துப்போனால் அந்த இடத்தில் எதுவும் மிஞ்சாது. வேலியும் வழியும் காவலும் இருப்பதால்தான் அவை கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன.

இத்தகைய இடங்களுக்குப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. சரணாலயத்துக்குள் நுழைவதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. வனத்துறையின் அனுமதி உள்ள இடத்துக்கு மட்டுமே போக வேண்டும். கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். விடிந்த முதல் இரண்டு மணி நேரம் மிக நல்லது. பளிச்சென்ற சிவப்பு, வெள்ளை உடையைத் தவிர்த்துப் பச்சை, காக்கி நிறங்களில் போகலாம். கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. எதிரி வந்துவிட்டதாக எண்ணி அந்தப் பறவை கூட்டை விட்டு வெளியே வருகிறது. குஞ்சுகள் காவலின்றிக் கிடக்கின்றன. இதை அறவே விட வேண்டும். கூட்டுக்கு நெருங்கிப் படம் எடுப்பதும், டிரோன் பறக்கவிடுவதும், பிஸ்கட் போடுவதும் அப்படித்தான். சைக்கிள் வெளிச்சாலையோடு நிற்கட்டும். நாயைக் கூட்டிவர வேண்டாம்.

கோலியனூருக்கும் விழுப்புரத்துக்கும் இந்தச் செய்தி எந்த வகையில் பயன்படும் என்பது முக்கியமான கேள்வி. இந்தப் பகுதியின் இயற்கை நிலம் என்றால் அது ஏரிதான். கரை, மதகு, கலிங்கு, வரத்து வாய்க்கால் என்ற நான்கும் சேர்ந்ததே ஏரி. அதில் கரையே நல்ல நடைபாதை. வயலுக்கும் பள்ளிக்கும் அடுத்த ஊருக்கும் மக்கள் காலங்காலமாக நடந்த வழி அது; புதிதாக எதுவும் போடத் தேவையில்லை. கரையின் மேற்பகுதியில் பெரிய மரம் நட்டால் வேர் கரையைப் பிளக்கும் என்று பொறியாளர்கள் எச்சரிக்கிறார்கள். அதனால் வெளிச்சரிவின் அடியில் பனையும், அதற்கு அப்பால் நாவல், மகிழம், வீரை போன்ற நாட்டு மரங்களும் நடலாம். ஏரிக்குள் சில மண் திட்டுகள் அமைத்து நாட்டுக் கருவேலம் வளர்த்தால் நாரையும் கொக்கும் கூடு கட்டும். ஏரி நீரில் பாசன விவசாயிகளுக்கு உள்ள உரிமைக்கு இதனால் எந்தக் குறையும் வராது. வேடந்தாங்கல் அதற்குச் சாட்சி.

ஆனால் நீர் வராத ஏரியில் எந்தப் பூங்காவும் நிற்காது. விழுப்புரம் நகருக்குள் ஓடும் கோலியனூரான் வாய்க்கால் கழிவுநீராலும் ஆக்கிரமிப்பாலும் குறுகிக் கிடக்கிறது. நகரின் புதிய பேருந்து நிலையமே ஏரி நிலத்தில் எழுந்தது. பெருமழை பெய்யும்போதெல்லாம் அங்கே தண்ணீர் தேங்குகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது இம்மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அந்த நீரைத் தாங்கி நிற்க வேண்டிய ஏரிகளும் வாய்க்கால்களும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை வெள்ளம் வீட்டுக்குள் வந்து காட்டிவிட்டுப் போனது. பூங்கா அமைப்பது ஒரு பகுதியின் நீர்வழிகளைச் சீராக்கும் வேலையோடு சேர்ந்தே நடக்க வேண்டும். அடையாற்றில் அப்படித்தான் நடந்தது.

ஆகவே இப்பகுதி ஊராட்சிகளும் நகராட்சியும் ஏரிக்கரைப் பூங்கா ஒன்றைத் திட்டமிட்டால், ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதும் அங்கே எந்தப் பறவை எங்கே தங்குகிறது, எங்கே கூடு கட்டுகிறது என்று பள்ளி, கல்லூரி மாணவர்களைக் கொண்டு முதலில் கணக்கெடுக்க வேண்டும். முதல் பணம் வரத்து வாய்க்காலைத் தூர்வாரவும், அடுத்த பணம் நாட்டு மர நாற்றங்காலுக்கும் போகட்டும். நடைபாதைக்குக் கடைசியில் மிஞ்சுவது போதும்.